சட்டி ஏறாத வீடு

தொண்ணூற்றொன்று என்று சொன்னால் போதும், எங்கள் பக்கத்து ஆட்களிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். அன்றைக்கு எங்கே இருந்தாய், சத்தம் கேட்டதா, கூட்டத்துக்குப் போனாயா என்று. நான் போகவில்லை. எனக்கு எதுவும் கேட்கவும் இல்லை. ஊரே கடையடைத்துவிட்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், நான் என் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, வலது கட்டைவிரலில் புதிதாக ஒரு வெடிப்பு திறந்திருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததை உலகமே பேசிக்கொண்டிருக்கும்போது இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்றால், இருந்தாள். நான்தான். அந்த வருஷம் பூராவும் நான் மரத்துப்போய்க் கிடந்தேன்.

அதற்குக் காரணம் என் அப்பா. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில், டீக்கடையை ஒட்டி அவர் ஒரு பஜ்ஜிக் கடை வைத்திருந்தார். கடை என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பெரிய இரும்புச் சட்டி, மேலே ஒரு தகரம். காஞ்சிபுரம் போகிற பஸ் நின்றால் வடை போகும், மெட்ராஸ் போகிற பஸ் நின்றால் பஜ்ஜி போகும். காலையில் ஊற்றிய எண்ணெய் சாயங்காலம் வரைக்கும் கொதித்துக்கொண்டே இருக்கும். அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே அவருடைய எண்ணெய் வாசனை நுழைந்துவிடும். தை மாசத்துப் பனியில் எங்கள் எல்லோருடைய உதடும் குதிகாலும் வெடித்துக் கிடக்க, அவர் கை மட்டும் மாவும் எண்ணெயும் பட்டுப் பட்டு மெத்தென்று மின்னும். "இன்னாய்யா இது, பொம்பள கை மாரி கீது?" என்று அம்மா கேலி செய்வாள். உடனே அவர் அந்தக் கையை அவள் கன்னத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போவார். வயசுக்கு வந்த பெண் எதிரில் நிற்கிறாளே என்ற கூச்சமெல்லாம் அந்த மனுஷனுக்குக் கிடையாது.

பொங்கல் கழிந்த கொஞ்ச நாளில், அடுப்புக்கு எதிரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது என் மாமா. அம்மாவுக்கு உடன்பிறந்த ஒரே தம்பி, வல்லக்கோட்டையில் கொத்தனார். அங்கே இருந்த டாக்டர், ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்துக்கொண்டது என்று என்னமோ சொல்லியிருக்கிறார். மாமா அதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தார்.

நான் அழவில்லை. அம்மாவும் அழவில்லை. வந்தவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள், நாங்கள் இருவரும் யார் வீட்டுக்கோ துக்கம் கேட்க வந்தவர்கள் போல ஓரமாக உட்கார்ந்திருந்தோம். "ஆத்தாளும் பொண்ணும் கல்லு மாரி குந்திக்கினு கீதுங்க பாரு" என்று யாரோ என் காதுபடச் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாவு விழுந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. குழம்பு தாளிக்கக் கூடாது, தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், தாலியறுத்தவளின் தாய் வீட்டிலிருந்து எண்ணெய் வர வேண்டும். அந்த எண்ணெயை அவள் கூடப்பிறந்தவன்தான் சட்டியில் ஊற்றி, அடுப்பு மூட்டி, முதல் வடையைச் சுட வேண்டும். பிறகு எல்லோர் தலையிலும் ஒரு சொட்டு வைப்பான். அத்தோடு துக்கம் முடிந்தது, வீடு திரும்பவும் வீடு. அதுவரைக்கும் அது சாவு வீடுதான். எங்கள் வீட்டுக்கு அந்தப் பொறுப்பு மாமாவுடையது.

மாமாவும் வந்தார். ஒரு டின் கடலெண்ணெய், மூடியில் மஞ்சள் தடவி, தோளில் துண்டு. சட்டி அடுப்பில் காத்திருக்கிறது, சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். டின்னைத் திறந்தவர் ஊற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. "இந்த எண்ணெதான் எங்க மாமாவ கொன்னுச்சு. அதையே எட்தாந்து அவரு வூட்லயே ஊத்தணும்னு கீது பாரு என் தலையெழுத்து" என்றார்.

அம்மா எழுந்தாள். "இன்னாடா சொன்ன?"

"டாக்டரே சொன்னாருக்கா. கொழுப்பாம். எண்ணெயிலியே நின்னு, எண்ணெயவே துன்னு..."

"அப்ப நான் ஆக்கிப் போட்டு சாவடிச்சேன்ற."

"ஐயோ, நான் அப்டி சொல்லலக்கா!"

"எட்துகினு போடா. இனிமே இந்த வூட்ல சட்டி ஏறாது."

பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். அம்மா யார் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பாவின் இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் துவைக்கிற கல்லின் அருகில் குப்புறக் கவிழ்த்துவிட்டு வந்தாள். மாமா டின்னோடு போய்விட்டார். வந்தவர்கள் வடை இல்லாமல் வெறும் சோறு சாப்பிட்டுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கடுகு வெடிக்கிற சத்தம் என்பதே அந்த வீட்டில் இல்லை. புளியைக் கரைத்து, மிளகைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் ரசம். கீரையை வேக வைத்து உப்புப் போட்டால் பொரியலாம், பொரியல்! தேங்காயும் கொழுப்பு என்று யாரோ சொல்லக் கேட்டு அதையும் நிறுத்தினாள். வேர்க்கடலை வேண்டாம், அதில்தானே எண்ணெய் எடுக்கிறார்கள். மீன் வேண்டாம், கறி வேண்டாம், பால் ஊற்றிய டீ கூட வேண்டாம். கஞ்சி, சோறு, அவித்த கீரை, தாளிக்காத பருப்பு. தலைக்கும் எண்ணெய் கிடையாது, முடி தேங்காய் நார் மாதிரி நின்றது. சட்டி ஏறாத வீடு என்பதால் தீட்டுக் கழியவில்லை என்று அக்கம்பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கும் எங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் நாங்கள் போயிருக்கப் போவதில்லை.

அம்மாவுக்கு அது விரதமும் இல்லை, வீம்பும் இல்லை. சோறு பொங்குவது போல, வாசல் கூட்டுவது போல, ஒரு வேலை. நானும் போட்டதைத் தின்றேன். ருசி தெரிந்தால்தானே கேட்பதற்கு?

மாசி மாசம் நான் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். இன்றைக்கு ஒரகடம் வரைக்கும் கம்பெனி கம்பெனியாக நிற்கிறதே, அதெல்லாம் அப்போது ஏரியும் வயலும். ரோட்டோரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னப் பட்டறைகள் இருந்தன. எங்களுடையது மோட்டார் சைக்கிளுக்குச் சின்னச் சின்னப் பித்தளைச் சாமான் செய்கிற பட்டறை. எனக்கு வாஷிங் செக்‌ஷன். மெஷினிலிருந்து வருகிற சாமானை மண்ணெண்ணெயில் போட்டு அலசி, பிசுக்கு இல்லாமல் துடைத்துக் கொடுக்க வேண்டும். ரப்பர் கிளவுஸ் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டால் பட்டாணி அளவு சாமானைப் பிடிக்க முடியாது என்று யாரும் போடுவதில்லை. அப்பா போன பிறகு வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் என்னுடையதுதான். அந்த வேலை போனால் அடுப்பில் அந்தத் தாளிக்காத ரசமும் கிடையாது.

அந்த செக்‌ஷனில் எல்லாப் பெண்களுக்கும் கை காயும். சனிக்கிழமை சொரசொரவென்று இருக்கும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்துவிட்டு வந்தால் திங்கட்கிழமை தேறியிருக்கும். எனக்குத் தேறவில்லை. முதலில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்தது, பிறகு விரல் மடிப்புகளில் கீறல் விட்டது, சித்திரையில் வெடித்தே விட்டது. விரல் நுனி தடித்துப்போய் சூடு, குளிர் எதுவும் தெரியவில்லை. வெடிப்புக்குள் மண்ணெண்ணெய் போனால் மட்டும் எங்கோ தூரத்தில் எரிவது போல இருக்கும், வேறு யாருக்கோ எரிவது போல.

பக்கத்து இருக்கைக்காரி தென்காசிக்காரி. அண்ணன் வேலைக்கு வந்த இடத்தில் கூட வந்து தங்கியிருந்தாள். வாய் ஓயாது. சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உங்க வீட்டுல தாளிக்கவே மாட்டாவளா? இதைத் தின்னுட்டு எப்படிட்டி உசிரோட இருக்கே?" என்றாள்.

"எண்ணெ சேத்துக்கறதில்ல."

"சாமியாராப் போகப் போறியா?"

"வாய மூடிக்கினு உன் சோத்தத் துன்னு" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எள்ளுப்பொடியில் நல்லெண்ணெய் குழைத்து இட்லியில் தடவிக்கொண்டு வருவாள், தினமும் ஒன்றை என் டப்பா மூடியில் வைப்பாள். நான் தினமும் அதைத் திரும்ப அவள் டப்பாவில் வைப்பேன். அம்மா வேண்டாம் என்றது வேண்டாம், அவ்வளவுதான். யோசித்தெல்லாம் செய்யவில்லை.

ஒருநாள் சூபர்வைசர் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பளபளவென்று துடைத்த பித்தளைச் சாமான்களில் அங்கங்கே பழுப்பாகத் திட்டு. "இன்னாம்மா இது? ரத்தமா? வாங்கறவன் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிட்டான்."

நான் கையைக் காட்டினேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை, தலைக்கு மேல் வேலை. "பேக்கிங்ல ஒரு பொண்ணு பிரசவத்துக்குப் போயிருக்கு. அது திரும்பி வர்ற வரிக்கும் அந்த எடத்துல குந்து. அது வர்றதுக்குள்ள கை ஆறிடணும். ஆறலேன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும், அப்பறம் என்னிய திட்டாத" என்றார். வாரம் ஒருநாள் பட்டறைக்கு வருகிற டாக்டரம்மாவைப் பார்க்கவும் சொன்னார்.

டாக்டரம்மா என் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோல்னா என்னன்னு நெனச்சுக்கிட்டு இருக்கே? மேல ஒட்டின காகிதம் இல்லம்மா. அது ஒரு சுவரு. செங்கல் செங்கலா அடுக்கியிருக்கு. நடுவுல இருக்கிற சாந்துதான் கொழுப்பு. சாந்து இருந்தாத்தான் உள்ள இருக்கிற தண்ணி வெளிய போகாது, வெளிய இருக்கிற அழுக்கு உள்ள வராது. மண்ணெண்ணெய் என்ன பண்ணுது, அந்தச் சாந்தை வழிச்சு எடுத்துடுது. உடம்பு மறுபடியும் பூசும். மத்த பொண்ணுங்களுக்குப் பூசுது. உனக்கு ஏன் பூசலே? என்ன சாப்பிடறே?"

சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். "எண்ணெயே இல்லையா? தேங்காய்? கடலை? மீனு?"

"எதுவும் இல்லீங்க."

"அப்புறம் சாந்துக்கு எங்கே போகும் உடம்பு? சில கொழுப்பை அதுவா செஞ்சுக்கும். சிலதை அதால செய்யவே முடியாது, வாய் வழியா உள்ள போனாத்தான் உண்டு. நல்லெண்ணெய்ல இருக்கு, கடலெண்ணெய்ல இருக்கு, எள்ளுல இருக்கு."

"எங்கப்பா எண்ணெயாலதாங்க செத்தாரு" என்றேன். யாரோ பெயர் கேட்டதற்குச் சொல்வது போலச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அப்பாவைப் பற்றிக் கேட்டார். பீடி குடிப்பாரா என்று கேட்டார். ஒரு கட்டு முடிவதற்குள் அடுத்த கட்டை வாங்கி வைத்துக்கொள்கிற ஆள். காலையில் ஊற்றிய எண்ணெயையே சாயங்காலம் வரைக்கும் காய்ச்சுவாரா, மிச்சமானதை யார் சாப்பிடுவது என்று கேட்டார். அவர்தான். விற்காத பஜ்ஜிதான் அவருக்கு ராத்திரிச் சாப்பாடு. "எது அவரைக் கொண்டுபோச்சுன்னு இங்க உக்காந்துக்கிட்டு நான் சொல்ல முடியாது. ஆனா கருகக் கருகக் காய்ச்சின எண்ணெயைத் தெனமும் வயிறு நெறையத் திங்கறது வேற, கொழம்புல ரெண்டு ஸ்பூன் நல்ல எண்ணெய் வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காதே" என்றார். தடவுவதற்கு வெள்ளையாக ஒரு களிம்பு கொடுத்தார். களிம்பு மட்டும் போதாது, எண்ணெய் மட்டும் போதாது, மண்ணெண்ணெயைத் தொட்டால் இரண்டும் போதாது என்றும் சொல்லி அனுப்பினார்.

பீடியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பழியெல்லாம் சட்டியின் மேலேயே போட்டிருந்தோம். பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபம் வந்தது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன், சூபர்வைசர் சொன்னதைச் சொன்னேன். "செத்தவரு செத்துட்டாரு. நானும் காஞ்சி கருவாடாயி சாவணுமா? வேல பூட்சின்னா இன்னாத்தத் துன்னுவ?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "வேணாம். அது ஆள முழுங்கற சாமான். அவர முழுங்கிச்சு. எனக்கு மிச்சம் கீறது நீ ஒருத்தி. ஒன்னியும் அதுங்கிட்ட குட்த்துட்டு நான் இன்னா பண்றது?"

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ரேஷன் கடையில் இன்றைக்கு அரிசி இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். என் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. என்னைக் காப்பாற்றுகிறாளாம். அவளுடைய முழங்காலுக்குக் கீழே தோல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருந்தது. சொறிந்து சொறிந்து ரத்தக் கோடுகள். அவள் அதைக் குனிந்து பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. கையில் களிம்பைத் தடவிக்கொண்டு பேக்கிங்கில் அட்டைப் பெட்டி மடித்தேன். மண்ணெண்ணெய் இல்லை, ஆனாலும் வெடிப்பு மூடுவேனா என்றது. ஒன்று மூடினால் பக்கத்தில் ஒன்று திறக்கும். பிரசவத்துக்குப் போனவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்று செய்தி வந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் பெட்டி மடித்தேன்.

சோறு பிசைவதுதான் பெரிய பாடு. ரசத்தின் புளியும் மிளகும் வெடிப்பில் இறங்கும். தென்காசிக்காரி ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருநாள் சாயங்காலம் வீட்டிலும் அதைப் போட்டுச் சாப்பிட்டேன். எங்கள் வீட்டில் ஸ்பூன் என்றால் மருந்து ஊற்றத்தான். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாடி, ஸ்பூன்ல துன்ற?"

"கையால முடியல."

"காட்டு."

நீட்டினேன். அவள் தன் விரலால் என் விரலைத் தடவினாள். பனை ஓலையில் பனை ஓலை உரசுவது போலச் சரசரவென்று சத்தம் வந்தது. தொட்டது எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சத்தம் மட்டும் இருவருக்கும் கேட்டது. அம்மா என் கையைக் கீழே விட்டாள். அப்புறம், "நானா ஏத்த மாட்டேன். என் தாய் வூட்லேர்ந்து எண்ணெ வந்தாத்தான் முறை" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வல்லக்கோட்டைக்குப் போனேன். மாமா யாருக்கோ சமையலறைச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கரண்டியைச் சாந்துச் சட்டியிலேயே போட்டுவிட்டார். அன்றைக்குப் போனவர், எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.

"அக்கா நல்லா கீதா?"

"ரெண்டு பேரும் நல்லா இல்ல மாமா" என்று கையைக் காட்டினேன். டாக்டரம்மா சொன்னதை அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "செங்கல் கீது மாமா. நடுவுல சாந்து இல்ல."

அவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. என் உள்ளங்கையை, பூச்சு விட்ட சுவரைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இப்டி ஒரு சொவுரு இருந்தா நான் இடிச்சிட்டு மறுபடி கட்டிடுவேன். கையி இன்னா பண்றது" என்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு இன்னா பேசினேன்னே எனக்குத் தெரியலம்மா. டாக்டரு இங்கிலீஷ்ல சொன்னத நான் பாதி புரிஞ்சிகினு ஊருக்கே கத்திட்டேன். மாமா போன துக்கம். நான் இன்னா, எங்க அக்காளயா சொல்வேன்?"

"அத அங்க வந்து சொல்லு. சட்டிய வெச்சிட்டுப் போ."

"அக்கா தொரத்தினா?"

"தொரத்தினா நில்லு. உனக்கு இன்னா, காலு இல்லியா?" என்றேன். மாமாவிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் சிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தார். மூடியில் மஞ்சள் தடவிய டின்னோடு வந்தார். அம்மா உள்ளேயே உட்கார்ந்திருந்தாள், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாமா பின்பக்கம் போய், கவிழ்த்துக் கிடந்த சட்டியைத் திருப்பினார். துரு ஏறிச் செக்கச்செவேலென்று இருந்தது. செங்கல் தூளைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார், தேய்த்தார், கை வலிக்கிற வரைக்கும் தேய்த்தார். உள்ளே கொண்டுவந்து அடுப்பில் வைத்துவிட்டு அம்மாவுக்கு எதிரில் நின்றார்.

"அக்கா, நான் பேசனது தப்பு. வாய வெச்சிக்கினு சும்மா இல்லாம பூட்டேன்."

அம்மா கையை நீட்டி மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு பாத்திரத்தில் கடலைப்பருப்பு ஊறிக்கொண்டிருந்தது. காலையிலேயே ஊறப் போட்டிருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை.

நான் அரைத்துக் கொடுத்தேன். மாமா வடை தட்டினார். கொத்தனார் கை, ஒவ்வொன்றும் ஓட்டைச் சுவரை அடைக்கிற கலவை மாதிரி மொத்தையாக விழுந்தது. எண்ணெய் சத்தம் போட்டது. வாசனை எழும்பியது. கூரை, சுவர், பாய், எங்கள் சேலை எல்லாவற்றிலும் ஏறியது. அப்பா வந்து வாசலில் நிற்கிறார் என்றே சொல்லலாம். இப்போது அழுதுவிடுவாள் என்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுப்ப கொறைடா, எண்ணெ பொகையுது" என்றாள். அவ்வளவுதான்.

மாமா எங்கள் தலையில் எண்ணெய் வைத்தார். அம்மாவின் தலையில் வைத்தது வைத்த இடத்திலேயே காணாமல் போயிற்று. முதல் வடையை ஆளுக்குப் பாதி தின்றோம். உப்புக் குறைச்சல். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. முறை முடிந்தது, வீடு திரும்பவும் வீடு என்று ஊர் சொல்லும். எனக்கு ஒரு வடை தின்ற மாதிரி இருந்தது, வேறொன்றும் இல்லை. அப்பாவின் வாசனை வீடு முழுக்க நிற்கிறபோதும் அழ முடியாத இரண்டு ஜென்மங்களா நாம் என்று அம்மாவின் மேலும் என் மேலும் எரிச்சல்தான் வந்தது.

ஆனால் மறுநாள் காலையில் கடுகு வெடித்தது. அம்மா குழம்பு தாளித்தாள். அதற்கடுத்து தேங்காய் அரைத்தாள், ஒரு வாரத்தில் மத்தி மீன் வந்தது. தென்காசிக்காரி வைத்த இட்லியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. "அப்பாடா, சாமியாருக்கு வேண்டுதல் முடிஞ்சு போச்சு!" என்று அவள் பட்டறைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அப்பா மாதிரி அம்மா எண்ணெயைக் காய்ச்சிக் காய்ச்சி எடுக்கவில்லை. ஒருமுறை சுட்டால் மிச்சத்தைத் தனியாக வைத்து, சீக்கிரம் தாளித்துத் தீர்த்துவிடுவாள். டாக்டரம்மா சொன்னதை நான் கத்தியபோது, காதில் விழாதது மாதிரி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான்.

இப்போது என் மகள் போனைப் பார்த்துவிட்டு, எண்ணெயே இல்லாத சமையல் என்று எதையாவது காட்டுவாள். போடி போ, நான் பார்க்காத எண்ணெயில்லாத சமையலா என்பேன். எண்ணெயை விட்டவர்கள் எல்லோருக்கும் என் கை மாதிரி ஆகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு மண்ணெண்ணெயும் சேர்ந்துகொண்டது. ஆற வேண்டியதை ஆறவிடாமல் வைத்தது எங்கள் சோறு.

முதலில் தேறியது அம்மாவின் கால். சொறிவது நின்றது, பிறகு செதில் உதிர்ந்து கீழே மாநிறத்தில் தோல் தெரிந்தது. என் கை மெதுவாகத்தான் வந்தது. ஒருநாள் அட்டைப் பெட்டியின் விளிம்பு விரல் நுனியில் சுருக்கென்று அறுத்தது. ஆ என்று கத்திவிட்டேன். தென்காசிக்காரி ஓடிவந்து, "என்னட்டி, என்னாச்சு?" என்றாள். "வலிக்குது" என்றேன். சொல்லிவிட்டு, பைத்தியம் மாதிரி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வலித்து எத்தனை காலமாயிற்று.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை, பேக்கிங்காரி வந்துவிட்டாள். சூபர்வைசர் என்னைக் கூப்பிட்டார். துடைத்த பித்தளைச் சாமான் ஒன்றை என்னிடம் கொடுத்து, உள்ளங்கையில் வைத்து நன்றாக உருட்டச் சொன்னார். திரும்ப வாங்கி ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்து, டியூப் லைட்டுக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். துணியில் ஒரு கறையும் இல்லை. "போ, வாஷிங்ல போயி நில்லு. இந்தத் தபா கிளவுஸ் போடாம கைய விட்ட, ஒதைதான்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்து நின்றேன். பிடிக்க முடிகிறதோ இல்லையோ, கிளவுஸைப் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்பில் கரண்டி வைத்துத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னான்?"

"வேல கீதாம். இருக்க சொல்டாரு."

"காட்டு."

ஈரத்தைத் துடைத்துவிட்டு நீட்டினேன். அவள் என் கையை இரண்டு கையாலும் வாங்கினாள். விரல் விரலாகத் தடவினாள், இந்தத் தடவை சத்தம் வரவில்லை. உள்ளங்கையைத் திருப்பினாள். பிறகு, என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரிவதற்கு முன்னால், அதைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்திக்கொண்டாள்.

"அவரு கை மாரியே கீதுடி" என்றாள்.

பொங்கலுக்குப் பிறகு வராதது எல்லாம் அப்போதுதான் வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றாமல், பெருங்குரலெடுத்து, அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். கரண்டியில் கடுகு கருகிக்கொண்டிருந்தது. நான் கையை எடுக்கவில்லை. அவள் கண்ணீர் என் விரல்களில் இறங்கியது. அது சூடாக இருந்தது, அந்தச் சூடு எனக்குத் தெரிந்தது.